பாலைவனத்தில் ஒரு வெள்ளரிக்காய்

கோயிலில் வாசிக்கும் நற்செய்தியைக் கேட்டவுடன் அப்படியே செய்துவிடும் ஆட்கள் எந்தக் காலத்திலும் குறைவு. அதனால்தான் உலகம் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கிறது. எகிப்தில் கோமா என்ற ஊரில், ஏறத்தாழ 270ஆம் ஆண்டில், அப்படி ஒருவர் அகப்பட்டார். வயது பதினெட்டோ இருபதோ. அப்பா அம்மா இறந்து ஆறு மாதம். 300 அரூரா நிலம், நம் கணக்கில் 200 ஏக்கர் சொச்சம். கூடவே ஒரு தங்கை. அன்றைக்கு அவர் கோயிலுக்குள் காலெடுத்து வைத்த நேரத்தில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு பணக்கார வாலிபனுக்குச் சொன்ன பகுதி ஓடிக்கொண்டிருந்தது. ஊரே அதைக் கேட்டது. ஊர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது. இவர் மட்டும் போய் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார்.

இவர்தான் நம்மவர்கள் வனத்து அந்தோணியார் என்று ஜனவரி 17இல் திருவிழா எடுக்கிறவர். தொலைந்த பொருளைத் தேடித் தருகிற பதுவை அந்தோணியார் வேறு. இவர் கையில் இருந்ததையெல்லாம் தொலைத்தவர்.

தங்கைக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கித்தான் வைத்திருந்தார். மறுமுறை கோயிலுக்குப் போனார். அன்றைக்கு நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற பகுதி. ஒதுக்கியதும் போயிற்று. தங்கையைக் கன்னியர் வீட்டில் விட்டுவிட்டு ஊர் எல்லைக்கு நடையைக் கட்டினார். தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக ஏட்டில் இல்லை. ஆனால் கெட்டிக்காரப் பெண் போலிருக்கிறது. பிற்காலத்தில் மற்ற கன்னியருக்கெல்லாம் அவளே தலைவி.

பசாசு சும்மா இருக்குமா? ஆனால் அது முதலில் கொம்பும் வாலுமாக வரவில்லை. “அவ்வளவு நிலத்தையும் கொடுத்துட்டியே, தங்கச்சிக்கு யாரு இருக்கா, சொந்தபந்தம் என்ன நெனைக்கும், உனக்கு உடம்பு வேற பூஞ்சை, இன்னும் எத்தனை வருஷம் கெடக்கு” என்று, திண்ணையில் உட்கார்ந்த தாய்மாமன் பேசுவதைத்தான் அதுவும் பேசியது. சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். பேச்சு எடுபடாத பிறகுதான் பெண் வேஷம். அதுவும் பலிக்காமல் கடைசியில் அடிதடி. ஊருக்கு வெளியே ஒரு கல்லறைக்குள் குடியேறியவரை ஒரு ராத்திரி அது அடித்த அடியில் நினைவு தப்பிவிட்டது. ரொட்டி கொண்டுவந்த நண்பர் பார்த்துத் தூக்கிவந்து ஊர்க் கோயிலில் கிடத்தினார். உறவுக்காரர்கள் பிணம் என்று முடிவுகட்டிச் சுற்றி உட்கார்ந்து, வழக்கப்படி தூங்கியும் போனார்கள். நடுராத்திரி கண்விழித்த அந்தோணியார், தூங்காமலிருந்த அந்த ஒரு நண்பரைச் சைகையால் கூப்பிட்டார். “சத்தம் போடாம என்னை அந்தக் கல்லறைக்கே கொண்டுபோய் விட்டுடு.”

பிறகு ஒரு பாழடைந்த கோட்டைக்குள் புகுந்து இருபது வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரை வழியாக ரொட்டி இறங்கும். ஆட்கள் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கதவை உடைத்தபோது வெளியே வந்தவர் பெருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை, போனபோது எப்படியோ அப்படியே இருந்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதிய அத்தனாசியார் அழுத்திச் சொல்கிறார். இருபது வருஷம் காய்ந்த ரொட்டி, நடமாட்டம் கிடையாது, எடை மாறவில்லை. இன்றைக்கு என்றால் இந்த ஒரு தகவலை வைத்தே ஒருவர் கோடீஸ்வரராகியிருப்பார்.

அத்தனாசியார் அலெக்சாந்திரியாவின் ஆயர். பேரரசர்கள் அவரை ஐந்துமுறை நாடுகடத்தினார்கள். மொத்தம் 17 ஆண்டு. அதில் ஒரு பகுதி இந்தப் பாலைவனத் துறவிகளிடம் ஒளிந்திருந்து கழிந்தது. சாப்பாடு போட்டவர்களைப் பற்றி நன்றாகத்தானே எழுதுவார்? அந்தோணியார் 356இல், 105ஆவது வயதில் இறந்த கையோடு புத்தகம் வந்தது. அது செய்த வேலை சாமானியமல்ல. திரியர் நகரத்தில் அரசு அதிகாரிகள் இரண்டு பேர், பேரரசர் பந்தயம் பார்க்கப் போன ஒரு பிற்பகலில் தோட்டத்துப் பக்கம் உலாவிக்கொண்டிருந்தபோது ஒரு குடிசையில் இந்தப் புத்தகத்தைக் கண்டார்கள். ஒருவர் வாசிக்க ஆரம்பித்தார். வாசித்து முடிப்பதற்குள் இருவரும் வேலையை விட்டார்கள். இருவருக்கும் நிச்சயமாகியிருந்த பெண்கள் செய்தி கேட்டுத் தாங்களும் கன்னிமை விரதம் எடுத்துக்கொண்டார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது தனி விஷயம்.

இந்தக் கதையை 386இல் மிலான் நகரில் ஒருவர் சொல்லக் கேட்டுத்தான் அகுஸ்தீனார் தோட்டத்துக்கு ஓடி அத்திமரத்தடியில் விழுந்து அழுதார். அவருடைய சிக்கல் தெரிந்ததே. பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தி மகனும் பிறந்த பிறகு, தாயார் மோனிக்கா நல்ல இடத்தில் சம்பந்தம் பார்த்தார். அதற்காக மகனைப் பெற்றவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியாயிற்று. நிச்சயித்த பெண்ணுக்கோ கல்யாண வயதுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இளவயதில் கடவுளிடம் கற்பைக் கேட்டு மன்றாடிய கையோடு, தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடும்படி விண்ணப்பித்தவரும் இவரே. இத்தனையையும் அவரே பாவசங்கீர்த்தனம்போல எழுதிவைத்தார். அதில் எனக்கு ஆறாத ஒன்று: மகனைப் பெற்ற அந்தப் பெண்ணின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகுகிறார். திருடியதைச் சரியாகத் தின்னக்கூட இல்லையாம், பன்றிக்குப் போட்டார்களாம். பேரிக்காய்க்குக் கிடைத்த நீதி அந்த அம்மாளுக்குக் கிடைக்கவில்லை.

பாவம் என்றாலே நமக்கு ஒரே ஒரு பாவம்தான் நினைவுக்கு வரும். ஓவியர்களும் அதற்கே உடந்தை. அந்தோணியார் சோதனைக்குட்பட்ட காட்சியை வரைகிறேன் பேர்வழி என்று நூற்றாண்டு நூற்றாண்டாகப் பேய்களையும் அரைகுறை ஆடைப் பெண்களையும் வரைந்து தள்ளினார்கள். எகிப்தின் துறவிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லி வைத்த கதைகளைப் படித்தால் வேறு நிலவரம். பெண்கள் வருகிறார்கள்தான். ஆனால் அவர்களைவிட அதிகமாக வருவது சாப்பாடு.

அப்பா செனோன் என்ற துறவி பாலஸ்தீனத்தில் நடந்து களைத்து ஒரு வெள்ளரித் தோட்டத்தோரம் உட்கார்ந்தார். மனம் சொன்னது: “ஒண்ணு பறிச்சுத் தின்னா என்ன? ஒரு வெள்ளரிக்காயிலே என்ன வந்துடப்போகுது?” அவர் மனத்துக்குப் பதில் சொன்னார்: “திருடனுக்குத் தண்டனை உண்டு. உன்னாலே தாங்க முடியுமான்னு முதல்லே பாத்துக்குவோம்.” எழுந்துபோய்க் கொளுத்தும் வெயிலில் நின்றார். ஐந்து நாள் நின்றார். வறுபட்டு முடிந்ததும், “தாங்கலை. அப்ப திருடாதே” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். தோட்டக்காரன் இதையெல்லாம் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்திருந்தால் ஒரு கூடை வெள்ளரிக்காயைத் தானாகவே கொடுத்திருப்பான். இன்னொரு முதியவரும் வெள்ளரிக்காய்க்குத்தான் ஆசைப்பட்டார். அவர் ஒன்றை வாங்கித் தம் கண்ணெதிரே தொங்கவிட்டுத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரோமப் பேரரசு ஒருபக்கம் ஆட்டம் கண்டுகொண்டிருக்க, இன்னொரு பக்கம் மனிதனுக்கும் வெள்ளரிக்காய்க்கும் இப்படி ஒரு போர்.

இத்தனைக்கும் பாலைவனம் அப்படியொன்றும் ஆளற்றுக் கிடக்கவில்லை. அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே நித்ரியா என்ற இடத்தில் மட்டும் 5,000 துறவிகள் இருந்ததாக, அங்கே போய் வாழ்ந்து பார்த்த பல்லாடியுஸ் எழுதுகிறார். ஏழு ரொட்டி அடுப்புகள். பெரிய கோயில். கோயில் பக்கத்தில் மூன்று பேரீச்சை மரம், மரத்துக்கு ஒரு சாட்டை தொங்கும். ஒன்று தப்புச் செய்யும் துறவிக்கு, ஒன்று திருடனுக்கு, மூன்றாவது வந்துபோகிறவர்களில் வாலாட்டுகிறவர்களுக்கு. விருந்தினர் விடுதியும் உண்டு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தங்கலாம், ஆனால் ஒரு வாரம் கழிந்தால் தோட்டத்திலோ அடுப்படியிலோ வேலை கொடுத்துவிடுவார்கள். விருந்தாளியைக் கிளப்ப இதைவிட நயமான வழியை நான் கேள்விப்பட்டதில்லை. வைத்தியர்கள் இருந்தார்கள். திராட்சை ரசம் விற்றது. பலகாரம் செய்கிறவர்களும் இருந்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார் பல்லாடியுஸ். ஆசைகளை ஒறுக்க வந்த 5,000 பேர் நடுவில் பலகாரக்காரனுக்கு என்ன வேலை என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். விற்காத இடத்தில் எவனும் கடை போடமாட்டான்.

பலகாரம் என்றதும் மக்காரியுஸுக்கு வந்தாக வேண்டும். அலெக்சாந்திரியாவில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்தவர். கடையை மூடிவிட்டுத் துறவியானார். வியாபாரிக்கே உரிய ஒரு குணம் மட்டும் கடைசிவரை போகவில்லை: அடுத்த கடையில் என்ன நடக்கிறது என்ற கவலை. யாராவது ஒரு தபசு செய்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், இவர் அதற்கு ஒருபடி மேலே செய்தாக வேண்டும். தபென்னேசி மடத்தில் தவக்காலம் முழுவதும் சமைக்காததைச் சாப்பிடுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். நாற்பது நாள்தானே? இவர் ஏழு வருஷம் அடுப்புப் பக்கம் போகாததை மட்டுமே தின்றார். இன்னொருவர் ஒருநாளைக்கு ஒரு ராத்தல் ரொட்டிதான் சாப்பிடுகிறாராம். இவர் ரொட்டியைத் துண்டு துண்டாக உடைத்து வாய் குறுகிய ஜாடிக்குள் போட்டு, கையை விட்டால் வருவது எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய ஒருசந்தி என்று வைத்துக்கொண்டார். கை நிறைய அள்ளினாலும் ஜாடியின் வாய் சுங்கக்காரன் மாதிரி விடமாட்டேன் என்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வாராம். தூக்கத்தை வெல்லப்போவதாக இருபது நாள் கூரைக்கடியில் போகாமல் வெளியே கிடந்தார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூளை கலங்கியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு உள்ளே வந்தார்.

ஒருநாள் காலையில் ஒரு கொசு காலில் கடித்தது. அடித்துவிட்டார். நாமும் அடிப்போம். அவர் உடனே தமக்குத் தண்டனை விதித்துக்கொண்டார்: ஒரு உயிரைப் பழிவாங்கியதற்காக ஸ்கேதிஸ் சதுப்பு நிலத்தில் ஆறு மாதம் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பது. அந்த இடத்துக் கொசு குளவி அளவு, காட்டுப் பன்றித் தோலையே துளைக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பியவரைப் பார்த்துக் குஷ்டம் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். செத்தது ஒரு கொசு. அந்த ஆறு மாதத்தில் எத்தனை கொசுத் தலைமுறைகள் அவரைத் தின்று கொழுத்திருக்கும் என்பதைப் பார்த்தால், கொசுக்கள் தரப்பில் இது லாபமான பேரம்.

அவருடைய உச்சக்கட்டச் சாதனை பக்கோமியுஸின் மடத்தில் நடந்தது. 1,400 துறவிகள் ஒழுங்கும் முறையுமாக வாழ்ந்த இடம் அது. பக்கோமியுஸ் படைவீரராக இருந்து துறவியானவர், ஒழுங்கு பிடித்தவர். மக்காரியுஸ் கூலியாள் வேஷம் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் நடந்து போய்க் கதவைத் தட்டினார்.

“பெரியவரே, உங்க வயசுக்கு இங்கே முடியாது. பசங்க சின்ன வயசிலேருந்து பழகினவங்க. நீங்க தாங்கமாட்டீங்க, அப்புறம் வெளியே போய் எங்களைத் திட்டுவீங்க” என்றார் பக்கோமியுஸ். ஏழு நாள் வாசலிலேயே பட்டினி கிடந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

தவக்காலம் தொடங்கியது. ஒருவர் சாயங்காலம் மட்டும் சாப்பிடுவது என்று ஏற்றுக்கொண்டார். ஒருவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஒருவர் ஐந்து நாளுக்கு ஒருமுறை. மக்காரியுஸ் கூடை முடைய ஓலையை ஊறவைத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் நின்றார். நின்றார் என்றால் உயிர்ப்புத் திருநாள் வரை நின்றார். முழந்தாளிடவில்லை, படுக்கவில்லை, ரொட்டியில்லை, தண்ணீரில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒன்றிரண்டு முட்டைக்கோஸ் இலை. அதுவும் பசிக்காக இல்லை. ஏதோ சாப்பிடுகிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றட்டும் என்பதற்காக.

ஐந்து நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டு ஊரை அசத்திக்கொண்டிருந்தவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். கூட்டமாகப் போய்ப் பக்கோமியுஸிடம் முறையிட்டார்கள். “உடம்பே இல்லாத இந்த ஆளை எங்கேருந்து பிடிச்சீங்க? எங்களைக் கேவலப்படுத்தவா? ஒண்ணு அவரை அனுப்புங்க, இல்லே இன்னைக்கே நாங்க எல்லாரும் கிளம்பறோம்.” ஆசாபாசங்களைத் துறந்தவர்களின் வேலைநிறுத்தம் சரித்திரத்தில் அபூர்வம்.

பக்கோமியுஸ் ஜெபம் செய்து ஆளைக் கண்டுபிடித்தார். கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போய்க் கட்டித் தழுவினார். “அப்பா மக்காரியுஸ் நீங்கதானா? இத்தனை வருஷமா உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். எங்க பசங்க கர்வத்துக்கு நல்ல குட்டு வெச்சீங்க, ரொம்ப நன்றி. எங்களுக்கு இவ்வளவு ஞானம் போதும். தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க.”

மக்காரியுஸ் போட்டியில் ஜெயித்தது கடைத்தெருவில் இருந்தபோது அல்ல, எல்லாவற்றையும் விட்ட பிறகுதான். வயிற்றை அடக்கலாம், தூக்கத்தை அடக்கலாம். அடக்கியது யார் என்று ஊர் கேட்க வேண்டும் என்ற ஆசை எங்கே போகும்? அவருக்கே அது தெரிந்திருந்தது என்பதால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. ரோமாபுரிக்குப் போய் நோயாளிகளுக்குச் சேவை செய்தால் என்ன என்று ஒருமுறை மனம் பிராண்டியது. நல்ல எண்ணம்தானே? இது பெயருக்கு அலைகிற பசாசு என்று கண்டுகொண்டார். வாசற்படியில் விழுந்து காலை வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டு, “முடிஞ்சா இழுத்துக்கிட்டுப் போங்கடா, என் காலாலே நான் வரமாட்டேன்” என்று பசாசுகளிடம் மல்லுக்கு நின்றார். அப்படியும் விடவில்லை. பிறகு பெரிய கூடையில் மணலை நிரப்பித் தோளில் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் அங்குமிங்கும் நடந்தார். எதிரே வந்த ஒருவர் பாவம் பார்த்து, “கொடுங்க, நான் தூக்கறேன்” என்றார். “வேண்டாம். என்னைப் படுத்தறவனை நான் படுத்திக்கிட்டிருக்கேன்” என்றார் மக்காரியுஸ்.

இந்தப் பசாசுகளுக்குக் கணக்கெழுதி வரிசைப்படுத்தியவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டாண்டிநோபிளில் திருத்தொண்டராக இருந்து, வாதத்தில் எவரையும் மடக்கிப் பெயர் வாங்கியவர். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி மேல் காதல் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கும் வந்துவிட்டது. வம்பு முற்றுகிற வேளையில் ஒரு கனவு: சேவகர்கள் விலங்கு போட்டு இழுத்துப்போகிறார்கள், நண்பன் உருவில் வந்த தூதர் ‘ஊரைவிட்டுப் போய்விடுகிறேன்’ என்று நற்செய்திப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்குகிறார். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று துணிமணியை மூட்டைகட்டிக் கப்பல் ஏறினார். எருசலேமில் மறுபடி மனம் தடுமாறி ஆறு மாதம் காய்ச்சலில் படுத்தார். மெலானியா என்ற துறவிப் பெண்மணி, வைத்தியர் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்து உண்மையைக் கறந்து, எகிப்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே கெல்லியா என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதை யோவான் காசியன் லத்தீனுக்குக் கொண்டுபோக, பிற்பாடு பாப்பரசர் பெரிய கிரகோரியார் தட்டிக் கொட்டி ஏழாக்கினார். ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் எல்லாம் நாம் ஒப்பித்ததற்கு மூலகாரணம் அந்த அதிகாரியின் மனைவி.

எவாக்ரியுஸின் பட்டியலில் முதலில் வருவதும் சாப்பாடுதான். ஆனால் அந்தப் பசாசு பிரியாணியைக் காட்டி மயக்குகிறது என்று அவர் எழுதவில்லை. அது வயிற்றைப் பற்றிப் பேசும். ஈரல் என்ன ஆகும், மண்ணீரல் வீங்குமே, நீர்க்கோவை வருமே, இந்தப் பொட்டல்காட்டில் வைத்தியன்கூடக் கிடையாதே என்று அக்கறையோடு கவலைப்படும். இந்தப் பேச்சைக் கேட்டு ஏமாறக்கூடாது என்று எழுதிய எவாக்ரியுஸ் கீரையும் பழமும் தொடாமல், சமைத்தது எதையும் உண்ணாமல், குளிக்காமல் பதினாறு ஆண்டு ஓட்டினார். கடைசியில் வயிறு கெட்டு, ரொட்டியை நிறுத்திக் கஞ்சிக்கும் வெந்த கீரைக்கும் வந்து, 399இல் இறந்தார். பசாசு சொன்ன மருத்துவக் குறிப்பு மட்டும் சரி.

மோகத்துக்கு அவர் கண்ட சிகிச்சை கிணறு. குளிர்கால ராத்திரியில் ஆடையில்லாமல் கிணற்றுக்குள் விடியவிடிய நின்றார். ஆனால் அவர் மனசாரப் பயந்தது நண்பகல் பசாசுக்குத்தான். காலை பத்து மணிக்கு வந்து இரண்டு மணிவரை அறையைச் சுற்றும். சூரியன் நகரவே இல்லை, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றவைக்கும். ஜன்னல் பக்கம் பார்க்கவைக்கும். வெளியே வந்து, மூன்று மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலை அளக்கவைக்கும். பக்கத்து அறைக்காரன் யாராவது பேச வருகிறானா என்று எட்டிப் பார்க்கவைக்கும். இங்கே எவனுக்கும் என்மேல் அன்பில்லை, வேறு இடத்துக்குப் போனால் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யலாமே, கடவுள் எங்கும்தானே இருக்கிறார் என்று தத்துவமும் சொல்லும். இதை எழுதியவர் செத்து 1,600 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பாலைவனம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மற்ற எல்லாப் பசாசுகளையும் விரட்டியவனிடம் கடைசியாக வருவது வீண்பெருமை என்கிறார். அது ஒரு படம் ஓட்டும்: வாசலில் நோயாளிக் கூட்டம், அங்கியைத் தொட்டாலே குணம், அப்புறம் ஊர் திரண்டு வந்து, ‘எனக்கு வேண்டாம், வேண்டாம்’ என்று கதறுகிறவனைக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய்க் குருப்பட்டம் கொடுக்கிறது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டு முகம் மலர்கிற ஒரு துறவியை எவாக்ரியுஸ் எங்கே பார்த்தார் என்று கேட்கத் தேவையில்லை.

ஜெரோம் கதை இதே காலம்தான், இடம் மட்டும் சிரியாவின் கல்கிஸ் பாலைவனம். தேளும் காட்டு விலங்கும் சுற்றிவர, வெயிலில் தோல் கறுத்துக் கிடந்த தம் மனம் மட்டும் ரோமாபுரியின் நடனப் பெண்கள் நடுவில் உலாவியதாக 384இல் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். எழுதியது கன்னிமை விரதம் பூண்ட ஒரு இளம்பெண்ணுக்கு. புத்திமதி சொல்கிற கடிதத்தில் இந்த வர்ணனை எதற்கு என்று கேட்க அந்தக் காலத்தில் ஆளில்லை. மனத்தைக் கட்டிப்போட அவர் பிடித்த உபாயம் ஹீப்ரு மொழி. யூத மதத்திலிருந்து வந்த ஒருவரிடம் எழுத்துக்கூட்டி, தொண்டை வறளப் பயின்றார். அந்தப் படிப்பு இருந்ததால்தான் பழைய ஏற்பாட்டை ஹீப்ருவிலிருந்து நேராக லத்தீனில் பெயர்த்தார். மேற்கு ஐரோப்பா ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் படித்த வேதாகமத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத சில நடனக்காரிகளின் தொண்டு இருக்கிறது.

உலகத்தைத் துறந்தபோதும் அவர் நூலகத்தைத் துறக்கவில்லை. கனவில் நீதிபதி முன் நிறுத்தி, நீ கிறிஸ்தவனல்ல, சிசரோவின் ஆள் என்று சொல்லிச் சவுக்கடி கொடுத்தார்கள். இனிமேல் உலகப் புத்தகங்களைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிறகும் அவர் எழுத்தில் புறச்சமயக் கவிகள் தலைகாட்டவே, பழைய நண்பர் ருஃபீனுஸ் சத்தியம் என்னாயிற்று என்று கிடுக்கிப்பிடி போட்டார். கனவில் செய்த சத்தியத்துக்கெல்லாம் கணக்குக் கேட்பார்களா என்றார் ஜெரோம். கனவுச் சத்தியத்துக்காகக் கப்பல் ஏறிய எவாக்ரியுஸ் இதைக் கேட்டிருந்தால் கிணற்றிலிருந்து ஏறி வந்திருப்பார்.

இந்த ஜெரோம்தான் வனத்துச் சின்னப்பரின் கதையை எழுதியவர். அந்தோணியார்தான் முதல் வனவாசி என்று அத்தனாசியார் புத்தகத்தால் உலகம் நம்பிக்கொண்டிருக்க, அவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார் என்று இவர் கிளப்பினார். துறவிகளுக்குள் இருந்த போட்டி அவர்களைப் பற்றி எழுதியவர்களுக்கும் தொற்றிவிட்டது. கதைப்படி அந்தோணியாருக்கு வயது 90. தம்மைவிடப் பூரணமான துறவி இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றிரவே வெளிப்பாடு வந்தது: இருக்கிறார், போய்ப் பார். வழியில் பாதி மனிதன் பாதி குதிரையாக ஒன்று வந்து வழி காட்டியது. ஆட்டுக்கால் ஆசாமி ஒருவன் பேரீச்சம்பழம் கொடுத்தான். குகையைக் கண்டுபிடித்தால், சின்னப்பர் கதவைச் சாத்திவிட்டார். 113 வயது. அந்தோணியார் உச்சிவெயில் தாண்டும்வரை வாசலில் கிடந்து கெஞ்சினார். சிரித்துக்கொண்டே திறந்தவர் முதலில் கேட்டது, பழைய ஊர்களில் புது வீடு ஏதாவது கட்டுகிறார்களா என்று.

பேசிக்கொண்டிருக்கும்போது காகம் ஒன்று முழு ரொட்டியைக் கொண்டுவந்து போட்டது. அறுபது வருஷமாகத் தினமும் அரை ரொட்டிதானாம். விருந்தாளி வந்ததால் முழுசு. யார் பிட்டுத் தொடங்குவது? “நீங்க விருந்தாளி, நீங்க பிடுங்க” என்றார் சின்னப்பர். “நீங்க பெரியவர், நீங்கதான் பிடணும்” என்றார் அந்தோணியார். நான் தாழ்ந்தவன், இல்லை நான்தான் தாழ்ந்தவன் என்று பொழுது சாயும்வரை வழக்கு. ரொட்டி நடுவில் கிடந்தது. கடைசியில் ஆளுக்கொரு ஓரம் பிடித்து இழுப்பது, கையில் வந்தது அவரவர்க்கு என்று சமரசம். 90க்கும் 113க்கும் நடந்த அந்த இழுபறியில் பெரிய துண்டு யாருக்கு வந்தது என்று ஜெரோம் எழுதாமல் விட்டது அவருடைய இலக்கியக் குறைபாடு.

சிமியோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அலெப்போவுக்குப் பக்கத்தில் தூண் மேல் ஏறி 459இல் சாகும்வரை இறங்காதவர். மனிதர்கள் தொல்லை தாங்காமல் ஏறியவர். முதல் தூண் 6 முழம், பிறகு 12, பிறகு 22, கடைசியில் 36. உயர உயரக் கூட்டம் பெருகியது. அவர் குனிந்து குனிந்து கும்பிடுவதை, ஆயர் தெயொதொரேத்துவுடன் போன ஒருவர் எண்ணத் தொடங்கி, 1,244இல் சலித்துப்போய் விட்டுவிட்டார். சிமியோன் விடவில்லை.

இவர்களுக்குள்ளேயே இதைப் பார்த்துச் சிரிக்கிற மரபும் இருந்ததால்தான் கதைகள் பிழைத்தன. குள்ள யோவான் அண்ணனிடம் வந்து, “நான் சம்மனசு மாதிரி இருக்கப்போறேன். வேலை கீலை கிடையாது, சதா ஜெபம்தான்” என்று சொல்லி, மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாலைவனத்துக்குள் போனார். ஒரு வாரம். ராத்திரியில் கதவு தட்டும் சத்தம்.

“யாரது?”

“நான்தான், உன் தம்பி யோவான்.”

“யோவான் சம்மனசு ஆயிட்டான். அவன் இப்ப மனுஷங்க நடுவிலே இல்லே.”

“அண்ணே, நான்தாண்ணே!”

அண்ணன் விடியும்வரை திறக்கவில்லை. காலையில் திறந்து, “நீ மனுஷன். சாப்பிடணும்னா கூடை முடையணும். உள்ளே வா” என்றார்.

வழியில் கன்னியர் கூட்டம் எதிர்ப்பட்டதும் பாதையைவிட்டு விலகி ஓடிய ஒரு துறவியும் உண்டு. அந்தக் கன்னியரின் தலைவி நின்று, “நீங்க முழுத் துறவியா இருந்திருந்தா, நாங்க பொம்பளைங்கன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். துறவி என்ன பதில் சொன்னார் என்று ஏட்டில் இல்லை.

இன்னும் இரண்டு முதியவர்கள். பல வருஷம் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள், ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஒருவருக்கு இது குறையாகப் பட்டது.

“ஐயா, ஊருலே எல்லாரும் போடறாங்களே, நாமும் ஒரு சண்டை போட்டுப் பாப்போமா?”

“சண்டை எப்படிப் போடறதுன்னே தெரியாதேய்யா எனக்கு.”

“சுலபம். இதோ இந்தச் செங்கல்லை நடுவுலே வைக்கிறேன். ‘இது என்னுது’ன்னு நான் சொல்வேன். ‘இல்லே, என்னுது’ன்னு நீங்க சொல்லணும். அங்கேருந்து அப்படியே சண்டை கிளம்பிடும்.”

செங்கல்லை வைத்தார்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

“இது என்னுது.”

“இல்லே, என்னுது.”

“இல்லவே இல்லே, என்னுதுதான்.”

“அப்படியா? சரி, உங்களுதுன்னா எடுத்துக்கங்க.”